மூன்றாம் மாடி மூக்கு

எங்கள் சந்துக்கு யாரும் வழி கேட்டு வருவதில்லை. தைவானில், கீலுங் துறைமுகத்துப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி மூக்கைத் தூக்கினால் போதும், கால் தானாக எங்கள் கடைக்கு வந்து நிற்கும். நாற்ற டோஃபு விற்கிறவளுக்கு அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை வேண்டுமா என்ன? இருபது வருஷத்துக்கு மேலாக விற்கிறேன். என் பெயர் பி-யுன். ஆனால் சந்தில் எல்லாருக்கும் நான் முதலாளியம்மா. சண்டை வரும்போது என் புருஷன் ஆ-சியோங்குக்கும் அப்படித்தான்.

டோஃபு என்பது சோயாப் பால்கட்டி, தானாக நாறாது. அதை நாற வைப்பது ஊறல் நீர், அதில் ஊற வைத்துத்தான் பொரிப்போம். கீரைத்தண்டும் மூங்கில் குருத்தும் கடுகுக்கீரையும் உப்புத் தண்ணீரில் கிடந்து, புளித்து, நுரைத்து ஒரு பக்குவத்துக்கு வர வேண்டும். அந்த மாதிரி இரண்டு பெரிய சாடிகள் எங்கள் கடைக்குப் பின்னால் இருந்தன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவதுபோல அதற்கும் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினம் காலையில் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பேன். இன்றைக்குக் கீரைத்தண்டா, உப்பா, சும்மா விடுவதா என்று என் மூக்கு சொல்லும். நல்ல நாற்றம் வேறு, கெட்ட நாற்றம் வேறு. தெரியாமல் கெட்டதை விற்றால் சாப்பிட்டவன் வயிறு போகும், அதோடு கடையும் போகும். கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாலோ, பழைய ருசி வர வருஷக்கணக்காகும்.

எங்கள் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஜியான் டீச்சர் இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவர். தனி ஆள், ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தொண்டை. குடிவந்த நாளிலிருந்து எங்களுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சுகாதார அலுவலகத்துக்கு அவர் போட்ட புகார்களால் அங்கிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்கும் எங்களுக்கும் நல்ல சிநேகமே உண்டாகிவிட்டது. வந்தால் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். புகார் எழுதாத நாளில் டீச்சர் பால்கனியில் வந்து நின்று கத்துவார்.

"முதலாளியம்மா, அங்க என்ன, மழையில நனைஞ்ச நாயப் புடிச்சு வேக வைக்கிறீங்களா?"

"இல்ல டீச்சர், நீங்க அடிச்ச அடியில உங்க பியானோதான் செத்துப் போச்சு. மோந்து பாருங்க."

இப்படிப் போகும். வரிசையில் நிற்பவர்களுக்கு இலவச நாடகம்.

அந்தக் கோடையில் தைவான் முழுக்கக் கொரோனா பரவியபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. கிட்டில் இரண்டு சிவப்புக் கோடு. எனக்குக் காய்ச்சல், ஆ-சியோங்குக்கு வெறும் தும்மல். கடையை மூடிவிட்டு மாடியில் படுத்துக் கிடந்தேன். சாடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கீழே அனுப்பினேன். காய்ச்சல் விட்டதும் பசித்தது. பூண்டு போட்டுக் கஞ்சி வைத்துத் தந்தார். ஒரு வாய் வைத்தேன். சூடு இருந்தது, உப்பு லேசாகத் தெரிந்தது, வேறு ஒன்றுமே இல்லை.

"பூண்டு போடலியா?"

"ஒரு முழுப் பூண்டு உரிச்சுப் போட்டிருக்கேன். பல்லுல தட்டுது பாரு."

தட்டியது. பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். சாடி மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஈரக்காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான். இன்னொரு சாடி, அதுவும் அப்படியே. வெறும் தண்ணீர்ப் பானைக்குள் தலையை விட்டவள் மாதிரி நின்றேன். 

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இந்த வைரஸ் சில பேருக்கு இப்படிப் பண்ணும். வாசனை போனா ருசியும் பாதி போயிடும். திரும்பி வந்துடும்மா."

"எப்ப வரும்?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் இதையெல்லாம் காலையும் சாயங்காலமும் மோந்து பாத்துப் பழகுங்க."

எலுமிச்சை முகர்ந்தேன், கிராம்பு முகர்ந்தேன். சுவரை முகர்ந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. யாரிடமும் சொல்லாமல் கடையைத் திறந்துவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், கைக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்று ஒரு திமிர். ஆ-சியோங்கை முகரச் சொல்லலாம் என்றால், அவர் மூக்கு சைனஸில் அடைத்து எவ்வளவோ காலமாகிறது. முகத்தின் நடுவில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் வந்தவர் டாக்ஸி ஓட்டும் ஹோங் அண்ணன். வாரத்துக்கு நாலு நாள் எங்கள் கடையில்தான் சாப்பாடு. ஊறிய கோஸையும் மிளகாய் விழுதையும் சேர்த்து ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதலாளியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாத்தமே இல்லியே."

நாற்ற டோஃபு கடைக்காரியை இதைவிடக் கேவலமாகத் திட்ட எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது. "வெயிலுக்கு அப்படி இருக்கும் அண்ணே" என்று சமாளித்தேன். மீதியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் அப்படி வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. சந்தே பையும் கையுமாக முனையில் நின்றது. ஜியான் டீச்சரும் வந்திருந்தார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்றைக்குச் சிரித்தார்.

"ஒடம்பு தேவலையா முதலாளியம்மா? இப்பல்லாம் நம்ம சந்துக் காத்து எவ்வளவு நல்லா இருக்கு. நான் ஜன்னலத் தொறந்து வச்சுத்தான் தூங்குறேன்."

குப்பைப் பை என் கையிலேயே இருந்தது. வண்டி போய்விட்டது. ஹோங் அண்ணன் ஒரு ஆள், வாய் சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் டீச்சர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார் என்றால் என் ஊறல் சாகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து ஆ-சியோங்கைப் பிடித்துக்கொண்டேன். "நான் படுத்திருந்தப்ப சாடிய என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலியே. தொறந்து கிளறினேன், மூடினேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லா எடத்துலயும் அடிக்கச் சொல்லித் தெனமும் டிவில சொன்னான்ல. கதவுப்பிடி, மேசை, சுவிட்சு எல்லாத்துலயும் சானிடைசர் அடிச்சேன். தும்மிக்கிட்டே சாடியக் கிளறினேனா, கிருமி உள்ள போயிருக்குமேன்னு..."

"சாடிக்குள்ளயா அடிச்ச?"

"கொஞ்சந்தான்."

"தெனமுமா?"

"வேளைக்கு வேளை" என்றார், ஒரு நல்ல பிள்ளை மாதிரி.

கிருமியைத் தீனி போட்டு வளர்த்து அதில் சாப்பிடுகிற குடும்பம் நாங்கள். அந்தச் சாடிக்குள் போய்க் கிருமிநாசினி அடித்திருக்கிறார்.  ஆத்திரத்தில் நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

எல்லாம் கேட்டுக்கொண்டு, தலையைச் சொறிந்து, ஆ-சியோங் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டையும் கொட்டிடலாம். கேன்ல ரெடிமேடா ஊறல் விக்கிறான். அத வாங்கி ஊத்துவோம். ஏழாம் மாசப் படையல் வருது, கூட்டம் வர்ற நேரம்."

"என் பொணத்தத் தாண்டிப் போய்க் கொட்டு."

சீனப் பஞ்சாங்கத்து ஏழாம் மாதப் படையல் எங்கள் கீலுங்குக்கு வருஷத்திலேயே பெரிய நாள். நாதியற்றுச் செத்தவர்களெல்லாம் அந்த மாதத்தில்தான் பூமிக்கு வருகிறார்கள். அவர்களைப் பேய் என்று சொல்லமாட்டோம், நல்ல அண்ணன்மார் என்போம். ஒவ்வொரு கடை வாசலிலும் மேசை போட்டு, சாப்பாடு பரப்பி, தட்டுக்குத் தட்டு ஊதுபத்தி குத்துவோம். அவர்களுக்கு வாய் கிடையாது. வாசனையைத்தான் சாப்பிடுவார்கள். கடை போட்ட வருஷத்திலிருந்து என் மேசையில் ஒரு தாம்பாளம் நாற்ற டோஃபு இருக்கும். ஊரில் வேறு யாரும் வைப்பதில்லை. நாற்றம் இல்லாத டோஃபுவை வைத்தால் அது காலித் தட்டு. ஒரு வருஷம் பசியோடு காத்திருந்து வருகிறவர்களுக்குக் காலித் தட்டை நீட்ட எனக்கு மனசு வராது. கேனில் வாங்கிய ஊறலில் போட்டு நீட்டவும் வராது.

கடையை மூடினேன். மூன்று மாடி ஏறி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் ஒரு புட்டியில் ஊறல் நீர். உள்ளே ஒரு சிறுமி பியானோவில் தடவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு மூக்கு போயிடுச்சு. இந்த நோயில போனதுதான். இது எப்படி இருக்குன்னு மோந்து சொல்லுங்க. உங்களத் தவிர இந்த ஊர்ல யாருக்கும் என் ஊறலோட நாத்தம் இவ்வளவு அத்துப்படி கெடையாது."

டீச்சர் புட்டியைப் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா தெய்வத்துக்கிட்ட நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"இப்பத்தான் குடுத்திருக்கு. அதத் திருப்பிக் குடுத்துடுன்னு கேக்கறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

கதவு சாத்திக்கொண்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். மெலிந்துபோன ஆளுக்குச் சோறு போடுவதுபோல இரண்டு சாடியிலும் அள்ளி அள்ளிப் போட்டேன். கீரைத்தண்டு, குருத்து, பழைய டோஃபுத் துண்டுகள். குருடி கோலம் போட்ட கதைதான். நுரை வந்தது. நுரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆ-சியோங்கும் வந்து எட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு எது நன்றாக இல்லை?

இரண்டு நாள் கழித்துக் காலையில் மூடியைத் திறந்தேன். மேலே பியானோ சத்தம் பாதியில் நின்றது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. என் கடையின் பின்கட்டில் ஒரு நாளும் கால் வைக்காத ஜியான் டீச்சர், கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க நீங்க?"

"தீனி போடுறேன்."

"இது உங்க நாத்தமே இல்ல. உங்களுது நனைஞ்ச நாய். இது சாக்கடை. செத்த எலி வேற கெடக்குது. மேல ஒரு புள்ள தப்புத் தப்பா வாசிக்குது, கீழ நீங்க தப்புத் தப்பா நாற வைக்கிறீங்க. நான் எதத்தான் பொறுத்துக்கறது?"

"நாறாம இருந்தாத்தானே உங்களுக்கு நல்லது?"

"நாறாம இருந்தா நல்லது. நாறுறதுன்னு ஆயிட்டா ஒழுங்கா நாறணும். தப்பான சுரத்தக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியாது முதலாளியம்மா, அது என் வியாதி. நகருங்க."

கைக்குட்டையை எடுத்தார். மூச்சை இழுத்துக்கொண்டு இடது சாடிக்கு மேல் குனிந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிமிர்ந்து வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இது போயிடுச்சு. கொட்டுங்க."

"சரியாப் பாத்தீங்களா?"

"வாந்தியே எடுத்துட்டேன். இன்னும் என்ன பாக்கணும்?"

வலது சாடியில் குனிந்தார். இந்த முறை நேரமாகியது. "மேல சாக்கடை. அடியில, ரொம்ப அடியில, ஒரு நாய் இருக்கு. இன்னும் சாகல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அகப்பையை எடுத்து மேலே கிடந்ததையெல்லாம் வழித்துப் போட்டேன். இடது சாடியை ஆ-சியோங் கொட்டிக் கழுவினார்.  

அன்றிலிருந்து டீச்சர்தான் எனக்கு மூக்கு. காலையில் நான் மூடியைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து நிற்பேன். பால்கனியிலிருந்து தீர்ப்பு வரும். சிரிக்காதீர்கள், அவர் இத்தனை வருஷம் என்னைத் திட்டிய திட்டெல்லாம் எனக்குப் பாடம். முட்டை என்று அவர் கத்திய நாளெல்லாம் உப்புக் குறைந்த நாள். ஈர சாக்ஸ் என்றால் கீரைத்தண்டு கேட்கிறது. நனைந்த நாய் என்று கத்திய நாள்களில்தான் கடை வாசலில் கூட்டம் தாங்காது. நான் நாய்க்காகக் காத்திருந்தேன்.

"இன்னைக்கு என்ன டீச்சர்?"

"அழுகின முட்டை."

உப்புப் போட்டேன்.

"இன்னைக்கு?"

"முட்டை போயிடுச்சு. சாக்ஸ். ஒரு கால் சாக்ஸ்தான்."

கீரைத்தண்டை அளவாக, கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சந்துக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் எதேச்சையாக வந்தார். டீச்சர் மேலேயிருந்து "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க, வேலை நடக்குது" என்று அவரையே விரட்டினார். அந்த மனுஷன் முதன்முதலாக ஒரு தட்டுகூடச் சாப்பிடாமல் போனார். 

படையல் நெருங்கியது. ஊரெல்லாம் விளக்குக் கட்டினார்கள். என் கடை மூடியே கிடந்தது. ஆ-சியோங் எனக்குத் தெரியாமல் ஒரு கேன் ரெடிமேட் ஊறலை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேன். எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. எலுமிச்சையும் கிராம்பும் இன்னும் சுவராகத்தான் இருந்தன.

படையலுக்கு முந்தின நாள் மழை. மூடியைத் திறந்துவிட்டு வாசலில் நனைந்துகொண்டே நின்றேன். மேலே ஒரு பையன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். பால்கனிக் கதவு திறந்தது.  அந்தத் தொண்டையில் சந்தே அதிர்ந்தது.

"நாய்! முதலாளியம்மா, நனைஞ்ச நாய்! குடும்பத்தோட வந்திருக்கு!"

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்திக்கொண்டன, மூன்றாம் மாடி ஜன்னலும் சேர்த்து. அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆ-சியோங் மழையில் ஓடிவந்து என்னைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை, நான் கொஞ்சம் கனம். இரண்டு பேரும் வாசலிலேயே வழுக்கி உட்கார்ந்து சிரித்தோம்.

மறுநாள் கடை திறந்தது. வாசலில் மேசை போட்டு, பழமும் கோழியும் பரப்பி, நடுவில் தாம்பாளம் நிறைய டோஃபு வைத்தேன். ஊதுபத்தி குத்தினேன். "அண்ணன்மாரே, சாப்பிட்டுப் பாருங்க. எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியும்" என்று மனசுக்குள் சொன்னேன். அவர்கள் பதில் சொல்வதற்குள் ஹோங் அண்ணன் வந்துவிட்டார். நின்றபடியே ஒரு துண்டு சாப்பிட்டார்.  தட்டைக் காலி பண்ணி நீட்டினார். "இன்னொண்ணு" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை சந்து முனை வரை போய் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

பொரித்தேன், பொரித்தேன், பொரித்துக்கொண்டே இருந்தேன். கோஸ் தீர்ந்து ஆ-சியோங் ஓடிப்போய் வாங்கி வந்தார். பொழுது சாயும் நேரம். அடுத்த தட்டுக்கு டோஃபு எடுக்கப் பின்கட்டுக்குப் போய் மூடியைத் திறந்தேன்.

மூஞ்சியில் யாரோ அறைந்தாற்போல் இருந்தது.

"யோவ், இங்க ஓடி வா. சாக்கடை ஒடைஞ்சிருச்சு."

ஆ-சியோங் ஓடிவந்து தரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "எங்க ஒடைஞ்சிருக்கு? எல்லாம் காஞ்சு கெடக்கு."

"ஒடையாமயா இப்படி நாறுது? எதோ செத்துக் கெடக்குது பாரு. கொமட்டுது எனக்கு."

அவர் என்னையே பார்த்தார். கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாறுதா?" என்றார். "உனக்கு நாறுதா?"

நான் என் கையை முகர்ந்தேன். முழங்கையை முகர்ந்தேன். சாடிக்கு மேல் குனிந்தேன். இத்தனை வருஷமும் தினம் முகர்ந்து முகர்ந்து, வெளியூர்க்காரன் மூக்கில் அது எப்படி ஏறும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. இரண்டு மாதம் பட்டினி கிடந்த மூக்குக்கு இப்போதுதான் முதன்முதலாகத் தெரிகிறது. தெய்வமே, என்ன நாற்றம். நனைந்த நாய்தான், குடும்பத்தோடுதான்.

வாசலுக்கு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மூன்றாம் மாடிப் பால்கனியில் டீச்சர் கைக்குட்டையும் மூக்குமாக நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்கு மூக்கு வந்திருச்சு."

"வந்திருச்சா?" என்றார். "எப்படி இருக்கு?"

"சகிக்கல டீச்சர். இதையா பன்னெண்டு வருஷமா மோந்துக்கிட்டு இருந்தீங்க?"

"இதையேதான்."

"என்னய ஏன் நீங்க இன்னும் கொல்லாம விட்டீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. டீச்சர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஹோங் அண்ணன் மூன்றாவது தட்டுக்குக் குரல் கொடுத்தார். நான் பின்கட்டுக்குத் திரும்பினேன். குமட்டியது, கண் எரிந்தது. சாடியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, தலையை உள்ளே விட்டு, நெஞ்சு கொள்ளுமட்டும் மறுபடியும் முகர்ந்தேன்.